கொண்டித்தோப்பில் அச்சான தீவுகள்

சென்னைத் துறைமுகத்தின் வடக்கு மதிலில் தொடங்கி, இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் கடற்கரைப் பட்டையில் வாழும் மக்களுக்குக் கப்பல் என்பது நாள்தோறும் கண்ணில் படுகிற, ஆனால் ஏறிச் செல்ல வாய்ப்பில்லாத ஒரு பொருளாகிவிட்டது. 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’வும் அதற்குப் பின் ஓடிய ‘எம்.வி. சிதம்பர’மும் சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்களை ஏற்றிச் சென்ற காலம், 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் நேர்ந்த தீவிபத்தோடு முடிவுக்கு வந்தது. அந்தமானுக்குச் செல்லும் கப்பல்களை விட்டால், இன்று அடிவானத்தில் நங்கூரமிட்டு நிற்பவை பெரும்பாலும் கன்டெய்னர்களையும் நிலக்கரியையும் எண்ணெயையும் சுமப்பவை. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கடலோர மணலோட்டத்தை மறித்ததால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கிக் கரை அரிக்கப்பட்டு, மணல் இருந்த இடங்களைக் கருங்கல் தடுப்புகளும் தூண்டில் வளைவுகளும் பிடித்துக்கொண்டன. கடல் இவ்வளவு அருகில் இருந்தும் கடல்வழி இவ்வளவு குறுகிப்போன ஒரு நிலப்பகுதியில், இருந்த இடத்தில் இருந்தபடியே வேறோர் உலகத்துக்குச் சென்று வர மக்கள் நாடிய நூல்கள் எவை, அவற்றை யார் அச்சிட்டார்கள், அந்த வாசிப்பு அவர்களுக்கு என்ன செய்தது என்பவை தமிழ் வாசிப்பின் வரலாற்றில் போதிய கவனம் பெறாத கேள்விகளாகவே உள்ளன.

வீட்டை விட்டு வெளியேறாமல் நூல்வழியாகத் தொலைநிலங்களைக் காண்பதை ‘நாற்காலிப் பயணம்’ என்று வழங்குவதுண்டு. இவ்வகை எழுத்துக்கு ஐரோப்பாவில் முன்னோடியாகக் கருதப்படும் நூல் சிறையிருப்பில் பிறந்தது: 1790-இல் துரின் நகரில் ஒருவரோடு வாட்போர் புரிந்ததற்காக 42 நாள் அறையை விட்டு வெளியேறக் கூடாதெனத் தண்டிக்கப்பட்ட சேவியர் தெ மெய்ஸ்தர் என்ற படை அதிகாரி, தம் கட்டிலையும் மேசையையும் சுவரோவியங்களையும் அயல்நாடுகளைப் போலக் கண்டு எழுதிய ‘என் அறையைச் சுற்றி ஒரு பயணம்’ 1794-இல் வெளியானது. மெய்ஸ்தரின் நூல் இருக்கும் உலகத்தையே புதிதாகப் பார்ப்பது. ‘மிகுபுனைவு’ என்று திறனாய்வாளர் குறிக்கும் ஃபேன்டசி நாவலோ, இயற்கை விதிகளுக்கு உட்படாத நாடுகளையும் உயிர்களையும் ஆற்றல்களையும் படைத்து, அவ்வுலகத்துக்கு உள்ளே ஓர் ஒழுங்கையும் அமைத்து, அதன் வழியே வாசகரை நடத்திச் செல்வது. பறக்கும் குதிரையும் பேசும் பதுமையும் வருவதால் மட்டும் ஒரு கதை மிகுபுனைவாகிவிடுவதில்லை. குதிரை எப்போது பறக்கும், எப்போது பறக்காது என்பதை வாசகர் நம்பிக் கணக்கிடும் அளவுக்கு அவ்வுலகம் உறுதியாக இருக்க வேண்டும்.

வட சென்னைக்கு அடைபடுதல் புதிதாக வந்த அனுபவமில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்களின் இனப்பெருக்கத்தைக் காக்க வேண்டி, கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உள்ளது. 45 நாளாக இருந்த இத்தடைக்காலம் 2017-இல் 61 நாளாக நீட்டிக்கப்பட்டது. அந்நாட்களில் காசிமேட்டுத் துறைமுகத்தில் படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டு, மரவேலையும் வண்ணப்பூச்சும் வலை சீரமைப்பும் நடக்க, கடலில் பல நாள் தங்கிப் பழகிய ஆண்கள் கரையிலேயே இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியதால், மழை விட்ட பிறகும் படகுகள் கழிமுகத்தில் இறங்க முடியவில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, 2020 மார்ச் 25-இல் தொடங்கிய ஊரடங்கில், மே, ஜூன் மாதங்களில் சென்னை மாநகராட்சியின் இராயபுரம் மண்டலம் நகரிலேயே தொற்று மிகுந்த பகுதியாக விளங்கிற்று. ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும் கொண்ட வீடுகளில் மூன்று தலைமுறையினர் பகலெல்லாம் சேர்ந்திருந்த அந்நாட்களில் நூலகங்களும் புத்தகக் கடைகளும் திரையரங்குகளும் மூடிக் கிடந்தன. தண்டையார்பேட்டையில் பல பத்தாண்டுகளாக மக்கள் கூடிய அகஸ்தியா திரையரங்கு அவ்வாண்டோடு நிரந்தரமாகவே மூடப்பட்டது. நாற்காலிப் பயணம் என்ற தொடர் குறிக்கும் நாற்காலியும் தனியறையும் அமைதியும் இவ்வீடுகளில் இல்லை என்பதை மறந்துவிட்டு இங்குள்ள வாசிப்பைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

பெரிய எழுத்து

நாற்காலியும் தனியறையும் இல்லாதவர்களுக்கென்றே ஆன ஒரு நூல்வகை, இராயபுரத்துக்கு மிக அருகிலேயே, கொண்டித்தோப்பில் அச்சாகிக்கொண்டிருந்தது. அங்குள்ள வெங்கட்டராமர் தெருவில் இயங்கிய பி. இரத்தின நாயகர் அண்டு ஸன்ஸ் நிறுவனத்தார், ‘பெரிய எழுத்து’ என்ற அடைமொழியோடு விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, தேசிங்குராஜன் கதை முதலியவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்நாடெங்கும் அனுப்பினார்கள். ‘பெரிய எழுத்து’ என்பது விளம்பரச் சொல்லாக மட்டும் நில்லாமல் ஓர் அச்சு முறையையே குறித்தது. கண்பார்வை மங்கியவரும், எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் உள்ளவரும், மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் படிப்பவரும் தடுமாறாதபடி பருத்த எழுத்துருவில் அச்சிட்டு, இடையிடையே மரச்செதுக்குப் பாணியிலான படங்களைச் சேர்த்து, எளியோரும் வாங்கத்தக்க விலையில் விற்கப்பட்ட நூல்கள் இவை. கோயில் திருவிழாக்களிலும் சந்தைகளிலும் தெருவோரங்களிலும் கிடைத்த இத்தகைய மலிவு நூல்களை வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்ற பெயரில் ஆராய்ந்துள்ளார். ஒருவர் உரக்க வாசிக்கப் பலர் சுற்றி அமர்ந்து கேட்பது தமிழகத்தில் நெடுங்காலம் நிலவிய வழக்கம் என்பதையும், ஒருவர் தமக்குள்ளே மௌனமாகப் படிக்கும் பழக்கம் நடுத்தர வகுப்பின் நாவல் வாசிப்போடு பரவியது என்பதையும் அவருடைய ஆய்வுகள் காட்டுகின்றன. பெரிய எழுத்து நூல்கள் முதல் வழக்கத்தைச் சேர்ந்தவை. வீட்டில் எழுத்தறிந்தவர் ஒருவர் இருந்தால் போதும், அந்த வீடு முழுவதும் விக்கிரமாதித்தனின் உச்சயினிக்குப் புறப்பட்டுவிடும்.

இந்நூல்களைப் பாமரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிய இலக்கிய வரலாறு பெரிய இழப்பைச் செய்துவிட்டது. விக்கிரமாதித்தன் கதையின் அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டாலே இது விளங்கும். இந்திரன் அளித்த சிம்மாசனத்தில் ஆயிரம் ஆண்டு வீற்றிருந்து ஆளும் வரம் விக்கிரமாதித்தனுக்குக் கிடைக்கிறது. அவனுடைய மந்திரியும் தம்பியுமான பட்டி, காளியிடம் இரண்டாயிரம் ஆண்டு ஆயுளைப் பெற்றுவிடுகிறான். இருவரும் ஒன்றாக வாழ வழி என்ன என்ற சிக்கலுக்கு, ஆறு மாதம் சிம்மாசனத்திலும் ஆறு மாதம் காட்டிலும் இருந்தால் ஆயிரம் ஆண்டு ஆட்சி இரண்டாயிரம் ஆண்டுக்கு நீளும் என்று பட்டி கணக்கிட்டுச் சொல்ல, அதுவே ‘காடாறு மாதம், நாடாறு மாதம்’ என்று தமிழர் நாவில் இன்றும் வழங்குகிறது. வரத்தின் சொற்களை மீறாமல் அதன் அளவை மட்டும் இரட்டிப்பாக்கும் இந்தத் தீர்வு, மாயம் எந்த விதிக்குள் செயல்படும் என்பதைக் கதைசொல்லி எவ்வளவு தெளிவாக வகுத்துக்கொண்டிருக்கிறார் என்பதற்குச் சான்று. இருபதாம் நூற்றாண்டின் மேலைநாட்டு மிகுபுனைவு எழுத்தாளர்கள் தங்கள் கலையின் அடிப்படையாகக் கண்ட உள்ளொழுங்கு இதுவே. அதைவிட முக்கியமானது, இக்கதையில் பயணம் அரசனுடைய விருப்பத்தால் நிகழ்வதில்லை என்பது. ஆண்டில் பாதியை வீட்டுக்கு வெளியே கழிக்க அவன் கடமைப்பட்டிருக்கிறான். கூடுவிட்டுக் கூடு பாய்தலும், வேதாளத்தோடு நடக்கும் இரவு வழக்குகளும், அயல்நாட்டு இளவரசிகளின் புதிர்களும் அந்தக் கட்டாயத்திலிருந்தே பிறக்கின்றன. பருவத்துக்குக் கட்டுப்பட்டு ஆண்டைக் கடலுக்கும் கரைக்குமாகப் பிரித்துக்கொண்ட மீனவக் குடியிருப்புகளில் இந்தக் காலக்கணக்கு விளக்கம் தேவைப்படாமலே புரிந்திருக்கும்.

பவளக்கொடி மாலை கடலையே களமாகக் கொண்டது. அல்லிக்கும் அர்ச்சுனனுக்கும் பிறந்த புலந்திரன் விளையாடப் பவளத்தேர் வேண்டுமென்று அடம்பிடிக்க, மகனுக்காகத் தந்தை கடல் கடந்து பவளக்காட்டுக்குச் சென்று, அதற்கு உரியவளான பவளக்கொடியைக் காண்கிறான். மகாபாரதத்தின் வடமொழி மூலத்தில் இல்லாத இந்தக் கிளைக்கதைகளைப் புகழேந்திப் புலவர் பாடியதாக மக்கள் வழக்கு சொல்கிறது. ஆசிரியர் யாராயினும், காவியத்தில் இடமில்லாத ஒரு கடற்பயணத்தைக் காவியத் தலைவன் ஒருவனுக்குத் தமிழர் தாமே படைத்துத் தந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. இக்கதை மேடை நாடகமாக நெடுங்காலம் நடிக்கப்பட்டு, 1934-இல் கே. சுப்ரமணியம் இயக்க, எம். கே. தியாகராஜ பாகவதரின் முதல் திரைப்படமாகவும் வந்தது. மதனகாமராஜன் கதையோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மொழி கடந்தது: மந்திரி குமாரன் இரவுதோறும் சொல்லும் பன்னிரண்டு கதைகளைக் கொண்ட அந்நூலை நடேச சாஸ்திரி 1886-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அரபுக் கதைகளுக்கு இணையான திராவிட இரவுக் கதைகள் என்று பொருள்படும் தலைப்பில் வெளியிட்டார்.

சாதுவனும் பட்டினத்தாரும்

பெரிய எழுத்து நூல்களின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. உ. வே. சாமிநாதையர் 1898-இல் பதிப்பித்த மணிமேகலையில், கணிகையிடம் பொருளை இழந்த சாதுவன் வணிகரோடு கப்பலேறிச் செல்ல, கப்பல் உடைந்து, ஒடிந்த பாய்மரத் துண்டைப் பற்றிக்கொண்டு நாகர்கள் வாழும் மலைசார்ந்த கரையில் ஒதுங்குகிறான். மனிதரைத் தின்னும் அந்நாகர்கள் அவனை நெருங்கும்போது, அவர்கள் மொழியிலேயே அவன் பேசியதால் உயிர் பிழைக்கிறான். பிறகு அவர்களுடைய தலைவனோடு உயிர், உடல், வினை பற்றி உரையாடி, உடைகலத்திலிருந்து கரைசேர்வோரைக் கொல்வதில்லை என்ற ஏற்பாட்டுக்கு அவர்களை இணங்கச் செய்து, வேறொரு வணிகக் கப்பலில் ஊர் திரும்புகிறான். கரையில் அவன் மனைவி ஆதிரை, கணவன் இறந்தான் என்று நம்பித் தீப்பாய முயல, தீ அவளைத் தீண்ட மறுக்கிறது. கடலுக்குச் சென்றவனின் வியப்பும் கரையில் காத்திருப்பவளின் தவிப்பும் ஒரே காதையில் இணையாகச் சொல்லப்படும் இந்த இடம், உலகக் கடற்கதைகள் எவற்றோடும் வைத்து எண்ணத்தக்கது. சிந்துபாதின் ஏழு பயணங்களில் கரையில் இருப்போர்க்கு இத்தகைய இடம் இல்லை. அச்சத்தை வெல்ல சிந்துபாத் தந்திரத்தை நாடுகிறான், சாதுவன் மொழியறிவை நாடுகிறான். பல மொழி பேசுவோர் வந்திறங்கிய துறைமுக நாகரிகம் ஒன்றே இப்படியொரு கதைமாந்தனைப் படைத்திருக்க இயலும்.

திருவொற்றியூருக்கே உரிய கடற்கதையும் ஒன்று உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகராயிருந்து துறவியான பட்டினத்தாரின் சமாதி திருவொற்றியூர்க் கடற்கரையை அடுத்து இருக்கிறது. அவருடைய வளர்ப்பு மகன் மருதவாணன் கடல் வாணிகம் சென்று, எருமுட்டைகளும் தவிட்டு மூட்டைகளுமாகக் கப்பலை நிரப்பிக்கொண்டு திரும்பியதாகவும், சினந்த தந்தை அவற்றை உடைத்தபோது உள்ளே மணிகள் இருந்ததாகவும், மகன் காதற்ற ஊசியை விட்டுவிட்டு மறைந்ததாகவும் அக்கதை சொல்கிறது. எங்கெங்கோ அலைந்த துறவி, பேய்க்கரும்பு எந்த ஊரில் இனிக்கிறதோ அதுவே தமக்குரிய இடம் என்ற குறிப்போடு நடந்து, அது இனித்த திருவொற்றியூரில் தங்கினார் என்பது அதன் முடிவு. கடல் கடந்த செல்வத்தின் நிலையாமையைச் சொல்ல வந்த இக்கதை, மாயப் பயணக் கதையின் உறுப்புகள் அனைத்தையும் தன்னிடம் கொண்டிருக்கிறது: தெய்வத்தன்மை வாய்ந்த மகன், உருமாறிய சரக்கு, புதிராக விடப்பட்ட ஒரு பொருள், பயணத்தின் முடிவிடத்தை அறிவிக்கும் அடையாளம். வட சென்னையைப் பற்றிப் பேசும்போது தொழிற்சாலைகளையும் குத்துச்சண்டையையும் கானாவையும் மட்டுமே நினைவுகூர்பவர்கள், இம்மண் தன்னளவில் ஒரு கதைநிலம் என்பதையும் சேர்த்து அறிந்துகொள்ள வேண்டும்.

சிறுவர்க்கான வாசிப்பில் இம்மரபைத் தாங்கியது, 1947 ஜூலையில் பி. நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய ‘அம்புலிமாமா’. உருவிய வாளோடு, தோளில் பிணத்தைச் சுமந்து, சுடுகாட்டு வழியே நடக்கும் விக்கிரமனின் படத்தை அவ்விதழுக்காக வரைந்த ஓவியர் சங்கர், சிறுவயதில் கொங்கு நாட்டிலிருந்து சென்னைக்கு வந்து, முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். கொண்டித்தோப்பு அச்சகங்கள் ஊரெங்கும் அனுப்பிக்கொண்டிருந்த ஒரு கதைக்கு, அவற்றுக்கு அருகிலிருந்த பள்ளியிலிருந்து வந்த கையே இந்தியா முழுவதும் அறிந்த உருவத்தை அளித்தது. அவர் 2020 செப்டம்பரில், பெருந்தொற்று ஆண்டிலேயே காலமானார்.

தப்பித்தல் என்ற குற்றச்சாட்டு

மிகுபுனைவின் மீது எங்கும் வைக்கப்படும் குற்றச்சாட்டு, அது வாழ்க்கையின் துன்பத்திலிருந்து தப்பியோடக் கற்றுத் தருகிறது என்பது. ஆலைப்புகையும் சாம்பல் கழிவும் வேலையின்மையும் சூழ்ந்த பகுதியில் பறக்கும் குதிரைக்கு என்ன தேவை என்று கேட்போர் இன்றும் உண்டு. ‘தி ஹாபிட்’ நாவலை 1937-இல் வெளியிட்ட ஜே. ஆர். ஆர். டோல்கின், 1939-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி ஆற்றிய உரையில் இதற்கு விடை கூறினார். சிறைப்பட்டவன் வெளியேற நினைப்பதும், வெளியேற முடியாதபோது சுவர்களையும் காவலர்களையும் தவிர்த்த வேறு பொருள்களைப் பற்றிப் பேசுவதும் இழிவாகா என்பதும், சிறைப்பட்டவனின் தப்பித்தலையும் போர்க்களத்தை விட்டோடும் படைவீரனின் ஓட்டத்தையும் ஒன்றாக எண்ணுவது பெரும் பிழை என்பதும் அவர் வாதம். கட்டுரையாக அது 1947-இல் அச்சேறியது. டோல்கின் பேசியது முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளைக் கண்டவர் என்ற தகுதியோடு. அவர் வாதத்தை வட சென்னைக்குப் பொருத்தும்போது இன்னொன்றும் சேர்கிறது: கதைவழியே வெளியேறியவர், தம் தெருவுக்குத் திரும்பும்போது, அத்தெரு இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை என்பதையும் அறிந்தே திரும்புகிறார். பட்டியின் கணக்கைக் கேட்டு வளர்ந்த ஒரு குழந்தைக்கு, எழுதப்பட்ட விதிகளுக்குள்ளும் வழி உண்டு என்பது தெரிந்திருக்கும்.

கடலை மையமாகக் கொண்ட மேலைநாட்டு மிகுபுனைவுகளுள் இப்பகுதி வாசகருக்கு மிக நெருக்கமாக அமையக்கூடியது, அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968-இல் தொடங்கிய ‘எர்த்ஸீ’ நாவல் வரிசை. நூற்றுக்கணக்கான தீவுகள் சிதறிக் கிடக்கும் ஒரு கடலுலகத்தின் வரைபடத்தை முதலில் வரைந்துகொண்டு, பிறகு அத்தீவுகளுக்குக் கதைகளைத் தேடிச் சென்றவர் அவர். அந்நாவல்களின் தலைவன் கெட், கருஞ்சிவப்பு நிறத்தவன், ஆட்டிடையனாக வளர்ந்தவன், சிறு படகில் தனியே கடலோடுபவன். காற்றை அழைக்கும் ஆற்றல் அவனுக்கு உண்டு, ஆனால் ஓரிடத்தில் அழைத்த காற்று வேறோரிடத்தில் என்ன கேடு செய்யும் என்று எண்ணிப் பார்க்காமல் அழைக்கக் கூடாது என்பது அவ்வுலகத்தின் அறம். ஓரிடத்தில் அலைதடுப்புச் சுவர் கட்டினால் வேறோரிடத்தில் கரை அழியும் என்பதை வாழ்ந்து அறிந்த இராயபுரத்துக்காரருக்கு இந்த அறத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எழுதுபவர் பயணம் செய்திருக்க வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. வங்காளத்தின் சுந்தரவனக் காடுகளையும் மலாய்க் கடற்கொள்ளையரையும் வைத்து ஏராளமான சாகச நாவல்களை எழுதிய இத்தாலியர் எமிலியோ சல்காரி, ஏட்ரியாட்டிக் கடலைத் தாண்டியவர் அல்லர். நூலகங்களில் கிடைத்த பயண நூல்களையும் வரைபடங்களையும் கொண்டே அவர் ஆசியாவைப் படைத்தார்.

கடல் புறாவின் பாய்கள்

தமிழில் இவ்விடத்தை நிரப்பியவை வரலாற்றுக் கற்பனைகள். கறாரான பொருளில் இவை மிகுபுனைவுகளாகா. எனினும் மறைந்த உலகத்தை முழுமையாகக் கட்டியெழுப்பி, அதற்குள் வாசகரை இருத்தி வைப்பதில் இரண்டின் பணியும் ஒன்றே. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய ‘பொன்னியின் செல்வ’னில் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்கும் குதிரைப் பயணம் கோடிக்கரையில் படகேறி ஈழத்துக்குச் செல்கிறது; புயலும் சுழற்காற்றும் கலங்கரை விளக்கமும் பூங்குழலியின் துடுப்பும் கொண்ட அப்பகுதியே அந்நாவலின் உயிர்நிலை என்று துணிந்து சொல்லலாம். குமுதத்தில் தொடராக வந்த சாண்டில்யனின் ‘கடல் புறா’வோ கப்பலையே கதைத்தலைவியாக்கிய நாவல். கலிங்கத்துப் பாலூர்த் துறைமுகத்தில் தொடங்கும் கதையில், கருணாகரத் தொண்டைமான் சீனத்துக் கடலோடி அகூதாவிடம் கடற்போர் கற்று, புறாவின் உருவில் அமைந்த மரக்கலத்தில் ஸ்ரீவிஜயத்துக் கடல்களில் உலவுகிறான். பாய்களை எப்போது சுருக்குவது, நங்கூரத்தை எப்படி இறக்குவது, நீரோட்டத்தை எப்படிக் கணிப்பது என்று சாண்டில்யன் பக்கம் பக்கமாக விவரிக்கும்போது, கடற்கரைக்கு வெளியே வாழ்ந்த வாசகர் அதை வியப்பாகவும், கடலோடிக் குடும்பங்கள் தங்கள் தொழிலுக்குக் கிடைத்த மதிப்பாகவும் படித்திருப்பார்கள். அவருடைய பெண் வருணனைகள் இன்று அலுப்பூட்டுகின்றன என்பது உண்மை; அவர் காட்டிய கடல் அலுக்கவில்லை. வாடகை நூல் நிலையங்கள் வழியாக இத்தொகுதிகள் வீடு வீடாகச் சுற்றிய காலத்தில், ஊரடங்கு எதுவும் இல்லாமலே வீட்டுக்குள் இருந்த பெண்களே அவற்றின் பெரும் வாசகராயிருந்தார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும். 2020-இல் மற்றவர்கள் சில மாதங்கள் அறிந்துகொண்ட நிலை அவர்களுக்கு வாழ்நாள் வழக்கம்.

பெரியோர்க்கான இலக்கியத் தமிழில் மிகுபுனைவு மீண்டும் தலையெடுத்தது 1997-இல் ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ வெளியான பிறகே. சோனா என்னும் ஆற்றங்கரையில், யுகத்துக்கு ஒருமுறை புரண்டு படுக்கும் கடவுளைச் சுற்றி எழுந்த ஒரு கோயில்நகரத்தை, அதன் தெருக்களும் சடங்குகளும் வாதசபைகளும் உட்பட முற்றிலும் கற்பனையாகக் கட்டிய நாவல் அது. 2014-ஆம் ஆண்டுப் பிறப்பன்று அவர் எழுதத் தொடங்கி நாள்தோறும் இணையத்தில் வெளியிட்ட மகாபாரத மறுபுனைவான ‘வெண்முரசு’ 26 நூல்களாக வளர்ந்து, 2020 ஜூலையில், ஊரடங்கின் நடுவே நிறைவுற்றது. அச்சு நூல் எதையும் வாங்க முடியாத அம்மாதங்களில், கைபேசி ஒன்றிருந்த எவரும் காசின்றி நாகநாடுகளுக்கும் இமயத்துக்கும் துவாரகைக்கும் சென்றுவர முடிந்தது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளும், நாட்டுடைமையான கல்கியின் நூல்களும், பேசும் குரலில் பதிவான ஒலிநூல்களும் அதே வழியில் பயன்பட்டன. குறிப்பாக ஒலிநூல், ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் பழைய முறையை அறியாமலே மீட்டெடுத்தது. ஆனால் ஒரு வீட்டில் ஒரே கைபேசி இருந்து, அதிலேயே பிள்ளையின் இணையவழி வகுப்பும் நடந்தபோது, இச்செல்வம் யாருக்கு எவ்வளவு நேரம் எட்டியிருக்கும் என்பதும் எண்ணிப் பார்க்க வேண்டியது.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் தெரிகிறது. வட சென்னையைப் பற்றி அண்மைக் காலத்தில் எழுதப்படும் புனைவுகளும் எடுக்கப்படும் படங்களும் நடப்பியலையே பற்றி நிற்கின்றன. கரன் கார்க்கியின் ‘கறுப்பர் நகரம்’ போன்ற நாவல்கள் இம்மக்களின் வாழ்வை உள்ளிருந்து பதிவு செய்ததன் மதிப்பு மிகப் பெரியது. அவற்றை வேண்டாமென்று எவரும் சொல்ல முடியாது. ஆயினும், இராயபுரத்தில் 1856-இல் எழுந்து இன்றும் நிற்கும் இரயில் நிலையம், பர்மாவிலிருந்து திரும்பியோர் குடியேறிய எண்ணூர் பர்மா நகர், கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் முகத்துவாரம், பட்டினத்தாரின் கரும்பு ஆகியவற்றைக் கொண்டு ஒரு மாயக் கடலுலகத்தின் வரைபடத்தைத் தமிழில் வரைவோர் வர வேண்டும். துன்பத்தைப் பற்றி மட்டுமே எழுதத்தக்க மண் என்று ஒரு பகுதியை வகுத்துவிடுவது, அங்கு வளரும் பிள்ளைகளுக்குக் கனவில் பங்கில்லை என்று சொல்வதற்குச் சமம்.

எழுதப்படும் வரை காத்திருக்காமல், இருப்பதைக் கொண்டு செய்யக்கூடியதும் உண்டு. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாக, 1948-இல், பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. சொத்து வரியோடு நூலக வரியும் தண்டப்படுவதால், வட சென்னையின் ஆலைகளும் கிடங்குகளும் வீடுகளும் அதற்குத் தங்கள் பங்கைச் செலுத்தியே வருகின்றன. அப்பணத்தில் வாங்கப்படும் நூல்களில் போட்டித் தேர்வு வழிகாட்டிகளோடு, பெரிய எழுத்துக் கதைகளின் புதிய பதிப்புகளும், கடல் புறாவின் மூன்று பாகங்களும், மணிமேகலையின் உரைநடை வடிவமும், தமிழில் இதுவரை மிகச் சிலவே கிடைக்கும் அயலக மிகுபுனைவுகளின் மொழிபெயர்ப்புகளும் இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கிளை நூலகங்கள் ஒவ்வொன்றிலும் சில படிகளேனும் இடம்பெற வேண்டும். மௌனமாகப் படிக்க இடமில்லாத வீடுகளைக் கருதி, அந்நூல்களை உரக்க வாசிக்கும் கூட்டங்களையும் நூலகத்துறை நடத்தலாம். தடைக்காலத்தில் வலை சீர்செய்ய ஆண்களும் பெண்களும் நாள் முழுவதும் கூடியிருக்கும் காசிமேட்டுக் கூடங்களில், கைகள் வேலையில் இருக்கும்போதும் காதுகள் ஓய்ந்தே இருக்கின்றன. 61 நாள் என்பது விக்கிரமாதித்தன் கதையின் முப்பத்திரண்டு பதுமைகளும் தத்தம் கதையைச் சொல்லி முடித்த பிறகு, சாதுவனின் கப்பலையும் எடுத்துக்கொள்ளப் போதுமான காலம்.